மின்னல் அழைப்பும் வரிசையின் நீதியும்

தொலைபேசித் தடங்கள் அரிதாக இருந்த காலத்தில் இந்தியாவின் ‘டிரங்க் கால்’ மூன்று பெயர்களால் வகுக்கப்பட்டிருந்தது: சாதாரணம், அவசரம், மின்னல். அவசரத்துக்குக் கட்டணம் கூடுதல். மின்னலுக்கு அதனினும் பன்மடங்கு. மின்னல் அழைப்பில் குரல் விரைந்து சென்றுவிடுவதில்லை. பதிவு செய்தவர் வரிசையில் முன்னே சென்றார், அவ்வளவே. தேவையின் தீவிரத்தைச் சுட்டும் சொல், நடைமுறையில் செலுத்தப்பட்ட பணத்தைச் சுட்டியது. மரணச் செய்தி சொல்ல வேண்டியவரும் கையில் சாதாரணத்துக்கு மட்டுமே காசிருந்தால் காத்திருந்தார். ஆயினும் எவர், எதனால் முந்துகிறார் என்பது காத்திருந்தோர் அறிந்ததே.

1960இல் கான்பூர்–லக்னோ இடையே எஸ்.டி.டி. வந்தது. காலப்போக்கில் பதிவு செய்துதரும் பணியாளர் விலகினார். தடத்தின் பற்றாக்குறை விலகவில்லை. இப்போது நேரமே விலையாயிற்று: பகலில் முழுக் கட்டணம், இரவு முதிர்ந்தபின் கால் கட்டணம். யமுனையின் கீழ்க்கரையில், தமிழரும் மலையாளிகளும் கணிசமாகக் குடியேறிய மயூர் விஹார் போன்ற பகுதிகளில், ஊருக்குப் பேச விரும்பியோர் பி.சி.ஓ. வாசலில் இரவு வரிசையில் நின்றதற்குக் காரணம் இக்கட்டணமே. நெரிசலைப் பகலிலிருந்து இரவுக்குத் தள்ளும் பொறியியல், எளியோரின் உறக்கத்தைக் கொண்டு நடந்தது எனலாம்.

அப்பழைய முறையில் ஓர் அழைப்பு ஒரு தடத்தை முழுமையாக ஆட்கொண்டது. பேச்சிடை மௌனத்துக்கும் தடம் ஒதுக்கப்பட்டே இருந்தது. தரவைப் பொட்டலங்களாக்கி அனுப்பும் வலைப்பின்னலில் அவ்வொதுக்கீடு இல்லை. ஆகவே மிகுதியாக அனுப்புபவரே மிகுதியாகப் பெறுவார். 1985இல் ஜான் நேகிள் இதற்கொரு தீர்வு கூறினார்: அனுப்புநர் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை, சுற்றுமுறையில் ஆளுக்கொரு பொட்டலம். இதிலும் பெரிய பொட்டலம் அனுப்புபவருக்கே ஆதாயம். 1989இல் டெமர்ஸ், கேஷவ், ஷெங்கர் மூவரும் அதைச் சீர்செய்தனர். பிட் பிட்டாகச் சுற்றி வந்தால் எப்பொட்டலம் முதலில் முடிந்திருக்குமோ அதையே முதலில் அனுப்புக என்பது அவர்கள் விதி. சமத்துவத்தின் அலகு பொட்டலத்திலிருந்து பிட்டுக்கு மாறியது. எதை எண்ணுகிறோம் என்பதே நீதியைத் தீர்மானித்தது. இம்மூவருள் ஸ்ரீநிவாசன் கேஷவ் டெல்லி ஐ.ஐ.டி.யில் பயின்றவர்.

1997இல் தரப்படுத்தப்பட்ட ஆர்.எஸ்.வி.பி. நெறிமுறை, வழிநெடுகிலும் அலைவரிசையை முன்பதிவு செய்ய முயன்றது. ஒவ்வோர் உரையாடலையும் ஒவ்வொரு திசைவியும் நினைவில் வைத்தல் பெருவலையில் இயலாதாயிற்று. அடுத்த ஆண்டே தரவை ஒருசில வகைகளாக முத்திரையிடும் முறை முன்வைக்கப்பட்டது. சாதாரணம், அவசரம், மின்னல் மறுபிறவி எடுத்தன. ஆனால் இம்முறை வகைப்பாடு திசைவிக்குள் ஒளிந்திருந்தது, காத்திருப்பவர் அதை அறியார்.

2016 பிப்ரவரி 8 அன்று டிராய், உள்ளடக்கத்தைப் பொறுத்துத் தரவுக் கட்டணத்தை வேறுபடுத்துவதைத் தடைசெய்தது. அது தரவின் உள்ளடக்கம் பற்றிய விதி. பணம் கொடுத்து முந்தும் வாடிக்கையாளரைப் பற்றி அது பேசவில்லை. அக்கேள்வி 2020 ஜூலையில் எழுந்தது. அதிகக் கட்டணம் செலுத்துவோருக்கு 4ஜி சேவையில் முன்னுரிமை என்று ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் அறிவித்த திட்டங்களை நிறுத்திவைக்குமாறு டிராய் கூறியது. ஏனைய வாடிக்கையாளரின் சேவைத்தரம் இதனால் குறையுமா என்றும் வினவியது. வோடஃபோன் ஐடியா தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்தை நாடி இடைக்கால நிவாரணம் பெற்றது. டிரங்க் கால் நாளில் அரசே விலையிட்டு விற்ற சலுகையைத்தான் அரசு அமைத்த ஒழுங்காணையம் இங்கே நிறுத்தச் சொன்னது.