சென்னை ஆடிய ஒரு செவ்வாய்க்கிழமை

"நம்ம ஊருக்கெல்லாம் பூகம்பம் வராதுப்பா, கெட்டிப் பாறை" என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். பாறை கெட்டி என்பது உண்மைதான். மீதியைப் பார்ப்போம்.

2001 செப்டம்பர் 25, செவ்வாய்க்கிழமை, இரவு எட்டரை மணி வாக்கில் பாண்டிச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கு அடியில் 5.5 ரிக்டர் அளவில் ஒரு நிலநடுக்கம். சென்னையும் ஆடியது. அது நான் பிறப்பதற்கு முந்தைய கதை. பரணில் பாத்திரம் கடகடவென்று ஆடியதும் எலி என்று நினைத்ததாக அம்மா சொல்வார். அடுத்த நிமிடம் தெருவே வாசலில் நின்றதாம். அதே வருடம் ஜனவரி 26-ல் குஜராத் பூஜ் நகரம் இடிந்து கிடந்ததை எல்லோரும் டிவியில் பார்த்திருந்தார்களே, பயம் இருக்காதா?

சரி, தெற்கே இதுதான் முதல் தடவையா? இல்லை. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறத்தாழ 6 ரிக்டர் அளவில் ஒன்று வந்தது. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அது உணரப்பட்டது. தக்காணத்தில் 1967 டிசம்பர் 11-ல் கொய்னா, 1993 செப்டம்பர் 30-ல் லாத்தூர். லாத்தூரில் மட்டும் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனமான வீடுகள் தூங்கியவர்கள் மேலேயே விழுந்தன.

லாத்தூரின் அளவு 6.2. நம் 5.5-க்கும் அதற்கும் வித்தியாசம் 0.7 தானே என்று தோன்றும். ஆனால் ஒரு புள்ளி கூடினால் வெளிப்படும் சக்தி சுமார் 32 மடங்கு. அந்தக் கணக்கில் லாத்தூர் ஏறத்தாழ 11 மடங்கு பெரியது. அளவும் சிறிது, மையமும் கடலில். நாம் தப்பியதற்குக் காரணம் இதுதான், கெட்டிப் பாறை அல்ல.

2002-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் நிலநடுக்க வரைபடத்தைத் திருத்தியபோது சென்னை 2-ஆம் மண்டலத்திலிருந்து 3-ஆம் மண்டலத்துக்கு மாறியது. எங்கள் வீடு அதற்கு முன்பே கட்டியது. கட்டும்போது பூகம்பத்தைப் பற்றி யாராவது பேசினார்களா என்று அப்பாவிடம் கேட்டேன். "போர்ல தண்ணி வருமான்னுதான் பேசினோம்" என்றார் :-)

காமர்ஸ்காரர்களுக்கு ஒன்று தெரியும். வரலாம், வராமலும் போகலாம் என்கிற கடனைக் கண்டின்ஜென்ட் லயபிலிட்டி என்போம். பேலன்ஸ் ஷீட் கணக்கில் அது சேராது, ஆனாலும் அடிக்குறிப்பில் கட்டாயம் எழுத வேண்டும். 1900-ஐ நாம் அடிக்குறிப்பில்கூட எழுதி வைக்கவில்லை. 2001-ஐயாவது எழுதி வைப்போம். வீடு கட்டப்போகிற நண்பர்களே, இன்ஜினியரிடம் டைல்ஸ் பற்றிப் பேசுவதற்கு முன் இதைக் கேளுங்கள்: "3-ஆம் மண்டலத்துக்குத் தகுந்த கம்பிதானே போடுறீங்க?"