கடிகை இருந்த ஊரில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடம்

காஞ்சிபுரத்தில் உயர்கல்வி ஊருக்கு வெளியே நகர்ந்துவிட்டது. 1993இல் நிகர்நிலைத் தகுதி பெற்ற சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயம் ஏனாத்தூரில் இருக்கிறது. பரந்த நிலமும் ஆய்வுக்கூடங்களும் தேவைப்படும்போது அது இயல்பே. ஆனால் நெசவு, கட்டடக்கலை, கல்வெட்டு, நீர்நிலை ஆகியவற்றை ஊருக்குள் இருந்துதான் படிக்க முடியும். அத்துறைகளுக்கு நகர நடுவே ஓர் இடம் வேண்டும். அதைப் புதிதாக எழுப்பாமல், பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் சிதைந்துவரும் நெசவாளர் வீடுகளைச் செப்பனிட்டு உருவாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கல்வியை நகருக்குள் வைப்பது இந்த ஊருக்குப் புதிய எண்ணமன்று. கடம்ப மரபைத் தொடங்கிய மயூரசர்மன் கல்வி நாடிக் காஞ்சியின் கடிகை என்னும் உயர்கல்விச் சாலைக்கு வந்ததைக் கர்நாடகத்துத் தாளகுந்தா கல்வெட்டு கூறுகிறது. இரண்டாம் நந்திவர்மனை அரசனாக அழைத்துவரச் சென்றவர்களுள் கடிகையாரும் இருந்தனர் என்பதை வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டு தெரிவிக்கிறது. கற்றோர் அவை நகரத்தின் பெருமுடிவுகளில் பங்கேற்றிருக்கிறது. கட்டடத்தின் அளவைவிட இந்தப் பங்கேற்பே நமக்கு முன்மாதிரியாக வேண்டும்.

புதிதாகக் கட்டாமல் இருப்பதைச் செப்பனிடும் திசையைத்தான் சட்டமும் காட்டுகிறது. பிள்ளையார்பாளையத்தை ஒட்டி நிற்கும் கைலாசநாதர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை; அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை ஒழுங்குமுறை. பழுதுபார்ப்புக்கும் புதுப்பிப்புக்கும் அனுமதி பெறலாம். பலரும் இதை முட்டுக்கட்டையாகவே பார்க்கிறார்கள். நான் இதை நல்ல வடிவமைப்பு விதியாகக் காண்கிறேன்.

இம்முறைக்கு ஒரு முன்னோடி உண்டு: 1887இல் எடின்பரோவின் பழைய நகரில் பாழடைந்த குடியிருப்புகளைத் திருத்தி மாணவர் இல்லம் அமைத்த நகர அமைப்பாளர் பாட்ரிக் கெடிஸ். 1914இல் இந்தியா வந்த அவர், காஞ்சியைக் கோயில் நகர அமைப்பின் உயர்ந்த சான்றாகப் போற்றினார். இடிக்க வேண்டியதை மட்டும் இடித்து, மற்றதைச் சீர்படுத்துவதே அவர் முறை. இருப்பதைக் காப்பது சிமெண்டையும் செங்கல்லையும் மிச்சப்படுத்துகிறது. அத்துடன் அங்கே வாழ்பவர்களையும் காக்கிறது.

நெசவாளர் வீட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தெருவை நோக்கிய திண்ணை, தறி நிற்கும் நீண்ட கூடம், நடுவே வெளிச்சம் தரும் முற்றம், பின்கட்டில் கிணறு. குழித்தறியில் நெய்பவர் கால்களைத் தரைக்குள் இறக்கி மிதியை இயக்குகிறார். மண்தரையின் ஈரம் பட்டிழை வறண்டு அறுவதைத் தடுக்கிறது. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் ஓடும்; அதற்கு நெசவாளருடன் இன்னொருவரும் வேண்டும். பாவை, அதாவது நெடுக்கிழைகளை, இழுத்துக் கட்டிச் சீராக்கத் தெருவே பயன்படுகிறது. ஆகவே மாணவர் வண்டிகள் நிற்கும் இடமாகத் தெருவை மாற்றினால் தொழிலே குலையும். குளிரூட்டிக்காக முற்றத்தைக் கண்ணாடியால் மூடுவதும் அப்படித்தான்: காற்றும் வெளிச்சமும் போய், மின்கட்டணமே மிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சையும் நாட்டு ஓட்டையும் மீட்டு, கூரைநீரைக் கிணற்றுக்கும் நிரம்பிய பின் குளத்துக்கும் அனுப்பினால் போதும்.

சென்னைக்கு அருகே தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு ஒன்றைக் காணலாம். அரிய பணி அது. ஆனால் வீட்டை அருங்காட்சியகத்தில் காப்பது வேறு, தெருவில் காப்பது வேறு. இரண்டாவது கடினமானது, அதற்குத்தான் பல்கலைக்கழகம் தேவை.

பெரிய வகுப்பறைக்கு இவ்வீடுகளில் இடமில்லை என்பார்கள். உண்மை. நூறு பேர் அமரும் விரிவுரைகள் ஏனாத்தூரிலேயே நடக்கட்டும். இங்கே பத்துப் பதினைந்து பேர் கூடும் கருத்தரங்கும், கல்வெட்டுப் படிகளும், வடிவமைப்புக் கூடமும், இயங்கும் தறிகளும் போதும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பல்கலைக்கழகம் வந்தால் வாடகை ஏறும். தேநீர் விடுதியும் தங்கும் அறையும் பெருகி, வாடகைக்குக் குடியிருக்கும் நெசவாளரே முதலில் வெளியேறுவார். இந்த அச்சத்துக்குக் கட்டடக்கலையில் மட்டும் விடை இல்லை. வீடுகளை விலைக்கு வாங்காமல் நீண்ட காலக் குத்தகைக்கு எடுக்க வேண்டும். செப்பனிடும் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்று, அதற்கு ஈடாகத் தறிக்கூடத்தில் நெசவாளர் குடும்பம் பழைய வாடகையிலேயே தொடரும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். கற்பிக்கும் மூத்த நெசவாளருக்கு விரிவுரையாளருக்குரிய மதிப்பூதியமும், பாடத்திட்டக் குழுவில் வாக்கும் வேண்டும். இவை முடிவான பிறகே வரைபடத்தைத் தொடங்கலாம்.