பழம்பாவையும் புதுப்பாவையும்

திருவரங்கம் பெரிய கோயிலில் தாயார் சன்னிதிக்கு எதிரே ஒரு மண்டபம் இருக்கின்றது. கம்பர் தம் இராமகாதையை அரங்கேற்றிய இடம் இதுவே என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். நான் ஆசிரியனாக இருந்த நாளில் ஆண்டுதோறும் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று இச்செய்தியைக் கூறுவதுண்டு. ஒரு முறை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், “ஐயா, இங்கே அரங்கேறிய பாட்டை இன்னமும் யாராவது இரவு முழுவதும் இருந்து பாடுகிறார்களா?” என்று கேட்டான். அன்று எனக்கு விடை தெரியவில்லை. “அறிஞர்கள் படிக்கிறார்கள்” என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

விடை பின்னரே கிடைத்தது. அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால். பாலக்காட்டுப் பகுதியிலுள்ள பகவதி கோயில்களில் கூத்துமாடம் என்றொரு நீண்ட மேடை உண்டு. அதன் திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் இருபத்தொரு விளக்குகளை ஏற்றி, தோலாற் செய்த பாவைகளை ஆட்டிக்கொண்டு, கம்பர் பாடல்களைச் சொல்லிப் பொருள் விரிக்கின்றனர் புலவர்கள். இராவண வதம் நடந்த வேளையில் பத்திரகாளி தாரிகாசுரனோடு போர் செய்துகொண்டிருந்தாளாம். தான் காணத் தவறியதைக் காட்டுக என்று கேட்டாளாம். ஆகவே திரைக்கு முன்னே மக்கள் ஒருவரும் இல்லாவிடினும் ஆட்டம் நடைபெறும். அம்மரபில் வந்த இராமச்சந்திர புலவருக்கு 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. காவிரிக் கரையில் அரங்கேறியது என்று நாம் போற்றும் நூலை நிழலாக்கிக் காத்து வந்தவை தோற்பாவைகள் என்று அறிந்த நாள்முதல், அப்பாவைகளை யார் காத்தனர், எவ்வாறு காத்தனர் என்னும் ஆராய்ச்சி என்னைப் பற்றிக்கொண்டது.

பாவையாட்டம் நம் ஊருக்குப் புதியதன்று. உறையூர்ச் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய கோவூர் கிழார், வல்லவன் ஒருவன் செய்த அல்லிப்பாவை ஆடும் அழகைப் புறநானூற்றில் உவமையாக எடுத்து ஆளுகின்றார். திருவள்ளுவரோ நாணுடைமை அதிகாரத்தில், உள்ளத்தில் நாணம் இல்லாதவருடைய நடமாட்டத்தை, கயிற்றால் ஆட்டி உயிருள்ளது போலக் காட்டும் மரப்பாவையோடு ஒப்பிடுகின்றார். கேட்போர் பாவையாட்டத்தைக் கண்டறிந்தவர் என்பதனால் அன்றோ இவ்வுவமைகள் எழுந்தன? ஆனால் அந்த அல்லிப்பாவையும் அந்த மரப்பாவையும் இன்று எங்கே? ஒன்றேனும் எஞ்சவில்லை. மரத்தைக் கறையான் கொண்டது. தோலைப் பூச்சி கொண்டது. தோலையும் தாளையும் அரிக்கும் அச்சிறு பூச்சிக்கு நம் மக்கள் இராமபாணம் என்று பெயர் வைத்திருக்கின்றனர். பெயர்ப் பொருத்தத்தை என்னென்பது! இந்த இராமபாணம் இராவணப் பாவையை மட்டுமன்றி இராமனையும் சேர்த்தே தின்கின்றது.

தமிழ்நாட்டில் இன்று வழங்குவன இரு வகை. ஒன்று, கும்பகோணம் வட்டாரத்தில் சிறப்புற்ற மரப்பொம்மலாட்டம். கயிற்றையும் கம்பியையும் ஒருங்கே கொண்டு ஆட்டுவது அது. பொம்மையின் கயிறுகளை ஒரு வளையத்திற் கட்டி, ஆட்டுபவர் அவ்வளையத்தைத் தம் தலையில் மகுடம் போல் அணிந்துகொள்வார். பொம்மையின் கைகளைக் கம்பிகளால் இயக்குவார். நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் உடைய பொம்மைகளும் உண்டு. அத்தகைய ஒன்றைத் தலையில் தாங்கிக்கொண்டு வள்ளி திருமணத்தையோ அரிச்சந்திரன் கதையையோ நடத்துவது எத்தகைய உழைப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

மற்றொன்று தோற்பாவைக்கூத்து. இதனை ஆடுவோர் இல்லத்தில் மராத்தி பேசுவர். மேடையில் தமிழ் பேசுவர். தஞ்சை மராட்டியர் காலத்தை ஒட்டி இங்கு வந்து பரவிய குடும்பத்தார் இவர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. கேரளப் பாவை கறுத்த நிழலாக விழும். நம்முடையதோ விளக்கொளி ஊடுருவிச் செல்ல, சிவப்பும் பச்சையுமாகத் திரையில் ஒளிரும். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் தோன்றிவிட்டால் சிறுவர் சிரித்து ஓய்வதில்லை.

இனி, தோற்பாவை செய்யும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என் கருத்து முழுவதும் அதிலேதான் அடங்கியிருக்கின்றது. ஆட்டுத்தோலை ஊறவைத்து மயிரைச் சுரண்டி நீக்கி, இழுத்துக் கட்டி உலர்த்துவர். உலர்ந்த தோல் தாள் போல் மெலிந்து ஒளியை விடும். அதன்மேல் புதிதாகப் படம் வரைவதில்லை. பழம்பாவையை அதன்மீது பரப்பி, விளிம்பை ஒட்டிக் கோடிழுத்து, அதன்படியே வெட்டுவர். அணிகலன்களும் ஆடைக் கரையும் சிற்றுளியால் இட்ட துளைகளே. பிறகு இருபுறமும் வண்ணம் தீட்டி, தோள், முழங்கை முதலிய மூட்டுகளை நூலால் முடிந்து, பிளந்த மூங்கிற் குச்சியை நடுவே பொருத்துவர். படி எடுத்து முடிந்தபின் தேய்ந்த பழம்பாவையை ஆற்றில் விட்டுவிடுவது பல இடங்களில் வழக்கம்.

மூலத்தைப் பூட்டி வைப்பது நம்மவர் முறையன்று என்பது இதனால் விளங்கும். படி எடுப்பதே காக்கும் முறை. பாலக்காட்டில் முன்பு மான்தோலில் செய்தனர். 1972ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் ஆட்டுத்தோலுக்கு மாறினர். தோல் மாறிற்று, உருவம் தொடர்ந்தது. பிற நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. சப்பானிய நாட்டுப் பன்ராக்குப் பாவையை மூவர் கூடி ஆட்டுவர்: தலையும் வலக்கையும் ஒருவர், இடக்கை ஒருவர், கால்கள் ஒருவர். 1945ஆம் ஆண்டு ஒசாக்கா நகரின்மீது நடந்த வான்தாக்குதலில் அவர்களுடைய அரங்கம் எரிந்தது. பாவைத் தலைகளும் எரிந்து ஒழிந்தன. போருக்குப் பின் ஓயே மினோசுகே என்னும் சிற்பி பழைய வடிவங்களைப் பின்பற்றிப் புதிய தலைகளைச் செதுக்கித் தந்தார். அவற்றைக் கொண்டே ஆட்டம் தொடர்ந்தது. அவை படிகள் என்பதற்காக எவரும் இகழவில்லை.

எனினும் சேகரிப்போர் எண்ணம் வேறு. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தோற்பாவைகளைக் காணலாம். அங்கே அவை பூச்சியினின்றும் ஈரத்தினின்றும் காக்கப்படுகின்றன. அது பெரும்பணி, ஐயமில்லை. வண்ணம் மங்காதிருக்கக் குறைந்த ஒளியும், தோல் சுருங்காதிருக்க ஒரே சீரான ஈரப்பதமும் வேண்டும் என்று நூல்கள் விதிக்கின்றன. அருங்காட்சியகத்தோடு நில்லாமல், வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கென்று பாவை வாங்குவோரும் பெருகினர். இவர்களுக்காகச் செய்யப்படும் படிகளுட் சில கண்ணைப் பறிக்கும் அழகுடையவை. ஆனால் கையை அசைத்துப் பாருங்கள். மூட்டு இராது, இருப்பினும் வளையாது. விளக்கொளியில் பிடித்தால் ஒளி ஊடுருவாது. திருவரங்கத்து வீடுகளில் நவராத்திரிதோறும் கொலுப்படி ஏறுகின்ற மரப்பாச்சி உட்கார வைப்பதற்கென்றே பிறந்தது. அதனிடம் ஆட்டத்தை எதிர்பார்ப்பார் இல்லை. ஆடப் பிறந்த பாவையை ஆடாதபடி செய்துவிட்டு அதனை உயர்ந்த படி என்று விலை கூறுவதை என்னால் ஒப்ப முடியவில்லை.

இவ்வளவு உறுதியாகப் பேசும் நானும் ஒரு பாவையைக் கெடுத்தவன்தான். உறையூரில் எங்கள் தெருவில் கூத்து நடத்திய ஒருவர், என் பாட்டனார் செய்த சிற்றுதவிக்கு நன்றியாக, ஓர் அனுமன் பாவையை அவரிடம் கொடுத்துப் போயிருந்தார். 1977ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துப் பெருவெள்ளம் திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்தபோது எங்கள் வீட்டிலும் நீர் புகுந்தது. பரணிலிருந்து விழுந்த பெட்டியிற் கிடந்த அனுமன் நனைந்து ஊறிப்போனான். அப்போது எனக்குப் பதினாறு வயது. வெயில் வந்ததும் துணியோடு துணியாக அவனையும் கொடியில் உலர்த்தினேன். மாலையில் பார்த்தபோது பொரித்த அப்பளம் போல் சுருண்டிருந்தான்! பாட்டனார் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவ்வளவு நாள் நினைவில் நின்றிராது.

பல ஆண்டுகளுக்குப் பின்னர், நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளிக்குத் தோற்பாவைக்கூத்து நடத்தும் முதியவர் ஒருவர் வந்தார். விளக்குக்குப் பதிலாக மின்குமிழைத் தொங்கவிட்டு மயில்இராவணன் கதையை நடத்தினார். ஆட்டம் முடிந்ததும் சுருண்ட அனுமனை அவரிடம் காட்டினேன். ஈரத்துணிகளுக்கிடையே அதனை ஓர் இரவு வைத்து, மெல்ல விரித்து, பலகைகளுக்கிடையே அழுத்தினார். முழுதும் நிமிரவில்லை, ஆயினும் கோடிழுக்கும் அளவுக்குப் படிந்தது. இரண்டு படிகள் செய்வதாக ஏற்பாடு: ஒன்று எனக்கு, ஒன்று அவருடைய பெட்டிக்கு.

மூன்று கிழமை கழித்துப் புது அனுமனோடு வந்தார். நான் ஆசிரியன் அல்லவா? அளவுகோலை எடுத்து இரண்டையும் ஒப்பிட்டேன். தோளில் நூல் முடியும் துளை பழையதிலிருந்து ஒரு விரற்கடை மேலே இருந்தது. “பெரியவரே, இது தவறல்லவா? மூலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டாமா?” என்றேன்.

அவர் சிரித்தார். “வாத்தியாரய்யா, அது என் தாத்தா காலத்துக் கை. அந்தத் துளையில என் கைக்கு அனுமாரு மலையைத் தூக்க மாட்டாரு, கீழ போட்டுடுவாரு. நீங்களே புடிச்சுப் பாருங்க” என்று குச்சியை என் கையில் கொடுத்தார். நானும் ஆட்டிப் பார்த்தேன். எனக்கு வேறுபாடு ஒன்றும் புலப்படவில்லை. அவர் வாங்கி ஆட்டியபோது அது தெளிவாகத் தெரிந்தது. புதுப்பாவையின் கை ஒரே வீச்சில் தலைக்கு மேல் எழுந்து நின்றது.

அன்றுதான் ஓர் உண்மையை அறிந்தேன். படி என்று நாம் சொல்வது அச்சு எடுத்தது போன்றது அன்று. ஆட்டுபவர் கைக்கேற்ப ஒவ்வொரு தலைமுறையும் அதனைத் திருத்தியிருக்கின்றது. ஆனால் அத்திருத்தம் நடந்தது என்பதை நான் கண்டது எதனால்? பழம்பாவை கையில் இருந்ததனால் அல்லவா? அது ஆற்றோடு போயிருந்தால் ஒரு விரற்கடை மாறிய வரலாறும் உடன் போயிருக்கும். இந்த ஒன்றில் அருங்காட்சியகத்தார் பக்கமே என் மனம் சாய்கின்றது. சுவரில் மாட்டும் பகட்டுப் பாவைக்குக் கொடுக்கும் பொருளை, ஆடத்தக்க படி ஒன்றைச் செய்விப்பதற்குக் கொடுத்தால் குடும்பமும் பிழைக்கும், கூத்தும் பிழைக்கும். தேய்ந்த மூலத்தையும் யார் செய்தது, எதனை மாற்றியது என்னும் குறிப்போடு காத்து வைக்கலாம். கல்லூரியில் வரலாறு பயிலும் நண்பர்கள் இக்குறிப்பு எழுதும் வேலையையேனும் மேற்கொள்ளலாகாதா?

புறப்படும்போது பெரியவர் பழம்பாவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “இது ஆடி முடிச்ச பாவைங்க. பெட்டியில அடைச்சு வைக்கக் கூடாது. அம்மா மண்டபத்துப் படித்துறையில விட்டுடுங்க” என்றார். தலையசைத்தேன், ஆனால் விடவில்லை. இரண்டு பலகைகளுக்கிடையே, பருத்தித் துணியில் சுற்றி, பக்கத்தில் வசம்பு முடிந்து வைத்திருக்கின்றேன். ஆடிப் பதினெட்டாம் நாளில் அம்மா மண்டபத்துக்குப் போகும்போதெல்லாம் அவர் சொல்லை நான் மீறியது நினைவுக்கு வரும்.

அவருடைய பெட்டிக்குப் போன அனுமன் ஊர் ஊராக ஆடித் தேய்ந்தான். பெரியவர் மறைந்தபின் அவர் மகன் அதற்கும் ஒரு படி எடுத்திருப்பதாகக் கேள்வியுற்று, சென்ற ஆண்டு தேடிச் சென்று பார்த்தேன். அளவுகோலை மறவாமல் கொண்டுபோயிருந்தேன். தோளின் துளை மறுபடியும் இடம் மாறியிருந்தது. இம்முறை சற்றுக் கீழே.