எட்டும் விலை: ஒரு சிறுநீரகப் புற்று மருந்தும் ஒரு சட்டத் தொடரும்

2012 மார்ச் 9 அன்று, இந்தியக் காப்புரிமைத் தலைமைக் கட்டுப்பாட்டாளர் பி. எச். குரியன் பிறப்பித்த ஆணை மருந்து வரலாற்றில் தனியிடம் பெற்றது. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்த சோராஃபெனிப் என்னும் மருந்தை ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனமும் தயாரித்து விற்கலாம் என்றது அவ்வாணை. 120 மாத்திரைகள் கொண்ட ஒரு மாத மருந்துக்குப் பேயரின் விலை 2,80,428 ரூபாய். நாட்கோவுக்கு விதிக்கப்பட்ட விலை 8,880 ரூபாய். இந்தியா வழங்கிய முதல் கட்டாய உரிமம் இதுவே.

இம்மருந்தின் தேவையை உணர, சிறுநீரகப் புற்றின் சிகிச்சை வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்க்க வேண்டும். கட்டி சிறுநீரகத்துக்குள் அடங்கியிருக்கும்வரை அறுவைச் சிகிச்சையே முதன்மை வழி. நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டால் மருத்துவரிடம் இருந்த கருவிகள் மிகச் சில. வழக்கமான வேதிச்சிகிச்சைக்கு இந்நோய் பெரும்பாலும் இணங்குவதில்லை. 1992இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இண்டர்லூக்கின்-2 சிலருக்கே பலன் தந்தது. அதன் பக்கவிளைவுகளோ கடுமையானவை. 1993இல் வி.எச்.எல். மரபணு கண்டறியப்பட்டது. அது செயலிழக்கும்போது கட்டி தனக்கெனப் புதிய குருதிக்குழாய்களை வளர்த்துக்கொள்வது பின்னர் புலனாயிற்று. அவ்வளர்ச்சியைத் தடுக்கும் மாத்திரையாக 2005 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல் பெற்றதே சோராஃபெனிப். முந்தைய சிகிச்சை பலனளிக்காதவர்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்றில், நோய் முற்றாதிருந்த இடைக்காலம் 2.8 மாதத்திலிருந்து 5.5 மாதமாக நீண்டது. நோயை அது குணப்படுத்தவில்லை. ஆனால் அதுவரை கிட்டாத கால அவகாசத்தைத் தந்தது.

அதே 2005ஆம் ஆண்டு இந்தியச் சட்டமும் மாறியது. நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் உருவான 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மருந்தின் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை அளித்தது. வேறு செய்முறையில் அதே மருந்தை மலிவாகத் தயாரிக்க இந்திய நிறுவனங்களுக்கு அதனால் இடமிருந்தது. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தக் கடப்பாட்டின்படி, 2005 முதல் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை வழங்கப்பட்டது. 2008இல் பேயர் அதைப் பெற்றது.

எனினும் சட்டத்தின் 84ஆம் பிரிவு ஒரு வாயிலைத் திறந்தே வைத்திருந்தது. காப்புரிமை வழங்கி மூன்றாண்டு கழிந்தபின், மக்களின் நியாயமான தேவை நிறைவேறாவிட்டாலோ, நியாயமாக எட்டக்கூடிய விலையில் பொருள் கிடைக்காவிட்டாலோ, கண்டுபிடிப்பு இந்திய ஆட்சிப்பரப்பில் செயற்படுத்தப்படாவிட்டாலோ பிறர் உரிமம் கோரலாம். 2011இல் நாட்கோ கோரியது.

வழக்கு இத்தொடர்களின் பொருளைச் சுற்றியே நடந்தது. எட்டக்கூடிய விலை என்றால் யாருக்கு எட்டக்கூடியது? ஆராய்ச்சிச் செலவையும் கணக்கிட்டே விலையின் நியாயத்தை அளக்க வேண்டும் என்றது பேயர். வாங்கும் மக்களின் நிலையிலிருந்தே முதன்மையாக அளக்க வேண்டும் என்றார் குரியன். செயற்படுத்துதல் என்பது இந்தியாவில் உற்பத்தி செய்வதையே குறிக்கும் என்றும் அவர் பொருள்கொண்டார். மூன்று காரணங்களும் மெய்ப்பிக்கப்பட்டதாகக் கண்டு, 6 விழுக்காடு ராயல்டியும் ஆண்டுக்கு 600 ஏழை நோயாளிகளுக்கு இலவச மருந்தும் நிபந்தனையாக்கி உரிமம் அளித்தார்.

நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையிலான அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2013 மார்ச்சில் ஆணையை உறுதிசெய்து, ராயல்டியை 7 விழுக்காடாக உயர்த்தியது. செயற்படுத்துதல் என்பதன் பொருள் மட்டும் தளர்ந்தது: தக்க காரணம் இருப்பின் இறக்குமதியும் அதில் அடங்கலாம் என்பது மேல்முறையீட்டில் ஏற்கப்பட்டது. 2014 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றமும் பேயரின் மனுவைத் தள்ளியது. அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது.

வெற்றி முழுமையானதாகவே தோன்றியது. ஆயினும் அடுத்து வந்த விண்ணப்பங்கள் நிலைக்கவில்லை. இரத்தப் புற்றுக்கான டாசாட்டினிப் மருந்துக்கு 2013இலும், நீரிழிவுக்கான சாக்சாகிளிப்டின் மருந்துக்கு 2016இலும் உரிமம் மறுக்கப்பட்டது. இதற்கிடையே சிகிச்சை நகர்ந்துவிட்டது. 2015இல் நிவோலுமாப் என்னும் தடுப்பாற்றல் மருந்து அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது; 2018 முதல் இத்தகைய மருந்துகளின் கூட்டுச் சிகிச்சை முதல்நிலையிலேயே இடம்பிடித்தது. சோராஃபெனிப் பின்வரிசைக்குச் சென்றது.

ஆகவே, 2012இன் ஆணை ஒரு மருந்தின் விலையைத் தீர்த்தது. விலையின் கேள்வியைத் தீர்க்கவில்லை. மருத்துவ நூல்கள் சிகிச்சைகளை வரிசைப்படுத்தும்போது, எந்தக் கட்டத்துக்கு எது பொருந்தும் என்றே எழுதுகின்றன. ஒரு நோயாளிக்கு அவற்றுள் எவை உண்மையிலேயே கிட்டும் என்பதை, 84ஆம் பிரிவின் அத்தொடரை அடுத்துப் படிப்பவர் யாருடைய நிலையில் நின்று படிக்கிறார் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.