பீக்கிங் நகரும் பழைய ஒளிப்படங்களும்

பீக்கிங் நகரின் பழைய ஒளிப்படங்களை அழகு கருதி மட்டும் நோக்குதல் வரலாற்று மாணவர்க்குப் போதாது. பெலிச்சே பெயாற்றோ 1860 இல் அந்நகரை அடைந்தது ஆங்கில, பிரெஞ்சுப் படைகளுடனேயாம். கோடை அரண்மனை மண்டபமொன்றை ஆங்கிலப் படையினர் எரிக்குமுன் அவர் படமெடுத்தார். எரித்தோர் பக்கத்திலிருந்தே சான்றும் கிடைத்தது விந்தையே!

1871 இல் அங்குச் சென்ற யோன் தொம்சன், கட்டடங்களோடு நில்லாது தெருவில் தொழில் செய்வோரையும் படமாக்கினார். ஈரத்தட்டு முறையில், தட்டு உலருமுன் படமெடுத்துக் கழுவுதல் வேண்டும். ஆதலின் இருட்டுக் கூடாரமும் இரசாயனங்களும் உடன்சென்றன. எதிரே நின்றோர் சில விநாடியேனும் அசையாதிருத்தல் வேண்டும். அவர் முகத்து இறுக்கத்தைச் சீனரின் இயல்பெனக் கொள்வோர் இதனை மறந்தனர்.

இருவருமே குங் இளவரசரைப் படமெடுத்தனர். அவர் பெயர் நிலைத்துள்ளது. தெருவோரத் தொழிலாளர் பெயர்களோ பெரும்பாலும் பதியப்படவில்லை.