பூவா தலையா, சேலம் வரைக்கும்



நம்ம கரிவலம்வந்தநல்லூரிலிருந்து கல்லூரிக்குப் போன பிள்ளை ஒருத்தி, "சார், புள்ளியியல்ல ஒரு கூறு சோதனைக்குச் சூத்திரம் தெரியுது, அர்த்தம் புரியல" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு எழுதுகிறேன், எல்லாரும் படிக்கலாம்.

ஜான் ஆர்பத்நாட் லண்டனில் இருந்த மருத்துவர், ஆன் ராணிக்கே வைத்தியம் பார்த்தவர். 1629 முதல் 1710 வரை 82 வருட ஞானஸ்நானப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். ஒரு வருடம் தவறாமல் ஆண் குழந்தைகளே அதிகம். பிறப்பு என்பது பூவா தலையா மாதிரி என்றால், ஒரு வருடத்தில் ஆண் கூடுவதற்குப் பாதி வாய்ப்பு. 82 வருடமும் அப்படியே அமைய வேண்டுமென்றால், 25 இலக்க எண் ஒன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். ஆகவே இது தற்செயல் இல்லை என்றார்.

சோதனை என்பது இவ்வளவுதான். முதலில் 'விசேஷமாக ஒன்றும் இல்லை' என்று வைத்துக்கொள்கிறோம். அதற்குத்தான் இன்மைக் கருதுகோள் என்று பெயர். அது உண்மையானால் நாம் கண்டது எவ்வளவு அபூர்வம் என்று கணக்குப் போடுகிறோம். மிகவும் அபூர்வம் என்றால் அந்தக் கருதுகோளைக் கைவிடுகிறோம்.

ஆர்பத்நாட் அங்கே நிற்கவில்லை. ஆபத்தான வேலைகளில் ஆண்கள் அதிகம் சாகிறார்கள், அதை ஈடுகட்டக் கடவுள் செய்த ஏற்பாடு இது என்று முடித்தார். நாணயம் சமமில்லை என்பது மட்டும்தான் கணக்கு சொன்னது. சாய்த்தது யார் என்பது அவர் சேர்த்தது.

இப்போது நம் பக்கம் வருவோம். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 849. இதை 1000-உடன் ஒப்பிடக் கூடாது. இயற்கையில் 100 பெண்ணுக்குச் சுமார் 105 ஆண் பிறக்கிறது. அதாவது 1000-க்கு 952. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

100 குழந்தைகளை எடுத்தால் 49 பெண் இருக்க வேண்டும். சேலத்து விகிதப்படி 46. திட்ட விலக்கமே 5 என்பதால் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு கிராமத்து நர்ஸம்மா தன் பதிவேட்டைப் பார்த்துச் சந்தேகப்பட வழியே இல்லை. 10,000 குழந்தை என்றால் எதிர்பார்ப்பது 4,878. சேலத்து விகிதத்தில் 4,592. 286 குறைகிறது. திட்ட விலக்கம் 50தான். கிட்டத்தட்ட ஆறு மடங்கு! சேலத்தில் இருந்ததோ லட்சக்கணக்கான குழந்தைகள்.

தற்செயல் இல்லை என்பதோடு கணக்கு நின்றுவிடும். பச்சிளம் பருவத்தில் இயற்கையாக ஆண் குழந்தைகளே சற்று அதிகம் இறப்பதால், சும்மா விட்டிருந்தால் பெண்ணின் பங்கு ஏறியிருக்க வேண்டும். காரணத்தை வீடுகளுக்குப் போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது. உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலை பற்றி 1986-லேயே பத்திரிகையில் வந்துவிட்டது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது; 1994-ல் கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம்.

தாயி, உனக்கு ஒரு வீட்டுப்பாடம். 2011-ல் தமிழ்நாடு முழுவதுக்கும் அந்த விகிதம் 943. 952-க்கு வெறும் 9 குறைவு. 10,000 குழந்தையில் இது கண்ணிலேயே படாது. ஆனால் எண்ணப்பட்டவர்கள் 70 லட்சத்துக்கும் மேல். போட்டுப் பார்த்து விடையைக் கீழே எழுது.