ஈயடிச்சான் காப்பியும் ஃபேஷன் படங்களும்

பரீட்சை ஹாலில் பக்கத்து பேப்பரைப் பார்த்து எழுதினால் அதற்குப் பெயர் காப்பி. சந்தேகமே இல்லை. ஃபேஷன் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து இன்னொருவர் அதே மாதிரி எடுத்தால்? ஒருவர் அஞ்சலி என்பார், இன்னொருவர் திருட்டு என்பார். சில சமயம் நீதிபதி வந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது!

கதை 1933-ல் ஆரம்பிக்கிறது. அதுவரை ஃபேஷன் படம் என்றால் ஸ்டூடியோவுக்குள் பொம்மை மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். நியூயார்க்கில் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பத்திரிகையின் கார்மெல் ஸ்னோவுக்கு இது அலுத்துவிட்டது. ஸ்டூடியோவில் எடுத்த நீச்சலுடைப் படங்கள் பிடிக்காமல், மார்ட்டின் முன்காச்சி என்ற ஹங்கேரிக்காரரைக் கூப்பிட்டார். அவருக்கு ஃபேஷன் தெரியாது, ஆங்கிலமும் சரியாக வராது. தெரிந்ததெல்லாம் விளையாட்டுப் போட்டிகளைப் படம் பிடிப்பதுதான். லாங் ஐலண்ட் கடற்கரை, நல்ல குளிர். மாடலாக வந்த லூசில் ப்ரோகாவைப் பார்த்துக் கையை ஆட்டி, ஓடி வரச் சொன்னார். அவர் ஓடினார், மேலங்கி பறந்தது, க்ளிக்! டிசம்பர் 1933 இதழில் அந்தப் படம் வந்தது. இன்று எந்த விளம்பரத்தில் பெண்கள் ஓடினாலும் குதித்தாலும் வேர் அங்கேதான் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முன்காச்சி செய்தது புத்தம் புதிய கண்டுபிடிப்பு அல்ல. கால்பந்து மைதானத்தில் செய்ததைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார், அவ்வளவுதான். ஒரு துறையின் பழக்கம் இன்னொரு துறையில் ஒரிஜினல் ஆகிவிட்டது.

அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த நியூயார்க் சிறுவன் ஒருவன் பெரியவனாகி அதே பத்திரிகைக்குப் படம் எடுத்தான். பெயர் ரிச்சர்ட் அவெடன். 1957-ல் பாரிஸ் தெருவில் கார்மென் என்ற மாடல், கார்டினின் கோட்டும் கையில் குடையுமாகத் தாவுவதை எடுத்தார். படத்தின் தலைப்பிலேயே முன்காச்சிக்கு அஞ்சலி என்று போட்டிருக்கிறது. கடனை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட காப்பி இது. அதனால் அவெடனின் மதிப்பு ஒரு பைசாகூடக் குறையவில்லை.

எல்லோரும் அப்படி இல்லையே...

1939 ஆகஸ்டில் பாரிஸில் 'வோக்' ஸ்டூடியோவில் ஹார்ஸ்ட் ஒரு படம் எடுத்தார். முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பெண், அவிழ்ந்து தொங்கும் கார்செட் நாடா. போர் வாசலில் நின்றது. படத்தை முடித்த கையோடு ரயிலேறி, கப்பல் பிடித்து பாரிஸை விட்டுப் போனார். (கார்செட் ஒரு பக்கம் உடம்போடு ஒட்டாமல் இடைவெளி தெரிந்ததால், பத்திரிகை அதை டச்சப் செய்துதான் வெளியிட்டது. ஃபோட்டோஷாப் காலத்துக்கு முன்பே இதெல்லாம் இருந்தது!) ஐம்பத்தோரு வருடம் கழித்து, 1990-ல், மடோனாவின் 'வோக்' பாடல் வீடியோவில் அதே முதுகு, அதே நாடா. அனுமதி கேட்கவில்லை, பெயரும் போடவில்லை என்று ஹார்ஸ்டுக்கு வருத்தம். அப்போது அவருக்கு எண்பது வயதுக்கு மேல்.

2003-ல் மறுபடியும் மடோனா. 'ஹாலிவுட்' வீடியோவில் பிரெஞ்சு புகைப்படக்காரர் கீ பூர்தானின் படங்கள் பதினொன்றாவது காப்பி அடிக்கப்பட்டிருக்கின்றன என்று அவருடைய மகன் வழக்குப் போட்டார். பூர்தான் 1991-லேயே இறந்துவிட்டார். வழக்கு கடைசியில் சமரசத்தில் முடிந்தது.

காப்பிரைட் சட்டம் யோசனையைக் காப்பாற்றாது, யோசனை படமாகியிருக்கும் விதத்தைத்தான் காப்பாற்றும். 'பெண் ஓடுவது' யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதே வெளிச்சம், அதே கோணம், அதே உடை, அதே அறை என்று அடுக்கிக்கொண்டே போனால் விவகாரம்தான். கோடு எங்கே என்று முன்கூட்டியே அளந்து சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் பூர்தான் வழக்கு மாதிரிப் பலவும் தீர்ப்பு வருவதற்குள் பணத்தோடு முடிந்துவிடுகின்றன.

தீர்ப்பு வரை போன ஒன்று உண்டு. 'அல்யூர்' பத்திரிகையின் ஆகஸ்ட் 2000 இதழில் ஆண்ட்ரியா ப்ளாஞ்ச் எடுத்த படம்: குச்சி செருப்பு போட்ட பெண்ணின் கால்கள். ஜெஃப் கூன்ஸ் என்ற ஓவியர் அதைப் பத்திரிகையிலிருந்து அப்படியே ஸ்கேன் செய்து, கால்களை மட்டும் வெட்டி, 'நயாகரா' என்ற தன் பெரிய ஓவியத்தில் தொங்கவிட்டார். ப்ளாஞ்ச் வழக்குப் போட்டார். 2006-ல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூன்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. காரணம், அவர் படத்துக்கு வேறு அர்த்தம், வேறு நோக்கம் கொடுத்துவிட்டாராம்.

வழக்குக் காகிதங்களில் கணக்கும் இருக்கிறது. அந்த ஓவியத்தில் கூன்ஸுக்குக் கிடைத்தது 1,26,877 டாலர். கால்களைப் படம் எடுத்த ப்ளாஞ்சுக்குப் பத்திரிகை கொடுத்தது 750 டாலர்.